கறுப்புக் கண்ணாடி போட்ட சாக்சபோன்காரர்

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம், கல்யாணப் பெண் சௌக்கியம், கண்ணாடிக் கடையும் சௌக்கியம். என் காது மட்டும் சௌக்கியமில்லை. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்காவுக்குக் கேட்கும். உன் அக்காவுக்குக் கேட்டது சம்பந்தியம்மாவுக்குக் கேட்க அதிக நேரம் ஆகாது. ஆகவே படித்ததும் கிழித்துப் போடு.

பெரியவளின் கல்யாண வரவேற்பு உனக்கு ஞாபகம் இருக்கும். மேடைக்கு இரண்டு பக்கமும் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் வைத்தார்களே, அன்று பெரிய மாப்பிள்ளையின் தாய்மாமன் என் காதோரம் வந்து, “உங்க பொண்ணுக்கு நல்ல வாழ்க்கை!” என்று கத்தினார். அந்த இரைச்சலில் எனக்கு “நல்ல வழுக்கை” என்று கேட்டது. நான் தலையைத் தடவிக்கொண்டு, “உங்களுக்கு மட்டும் என்னவாம்?” என்று திருப்பிக் கத்தினேன். பாவம், அவர் கல்யாணமே ஆகாத மனிதர். அன்று போனவர் இன்னும் நம் வீட்டுப் படி ஏறவில்லை. சின்னவளின் வரவேற்பில் உயிருள்ள மனிதர்கள் உட்கார்ந்து மெதுவாக வாசிக்க வேண்டும், பேசுவது பேசுகிறவர் சொன்னபடியே கேட்க வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். “வீடியோல பாத்து புக் பண்ணிடலாம்பா” என்றாள் உன் மருமகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கில் மாட்டிப் பார்க்காமல் ஒரு கண்ணாடியை நான் யாருக்கும் விற்றதில்லை. குழுவை நேரில் கேட்டுத்தான் அமர்த்துவேன் என்று கிளம்பினேன்.

முதல் குழு ஒரு டயர் கடைக்கு மேலே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஆரம்பித்த வேகத்தில் என் கண்ணாடி மூக்கிலிருந்து நகர்ந்து நகர்ந்து உதட்டுக்கு வந்துவிட்டது. “தம்பி, கொஞ்சம் மெதுவா” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். “இதுதான் சார் எங்க மெதுவு” என்றான் டிரம்ஸ்காரன். தள்ளாடிக்கொண்டு கீழே இறங்கினால் டயர் கடைக்காரர் கையில் தண்ணீரோடு நிற்கிறார். “பொண்ணு கல்யாணமா சார்? மேல போயிட்டு வர்ற அப்பாக்களுக்கெல்லாம் நான்தான் தண்ணி குடுக்கறேன்” என்றார்.

இரண்டாவது குழு அருமையாக வாசித்தது. குறை என்னவென்றால், பாடுகிற அம்மாளும் கிதார்காரரும் சமீபகாலம் வரை ஒரே வீட்டில் இருந்த புருஷன் பெண்டாட்டி, இப்போது கோர்ட்டில் விவாகரத்து வழக்கு. அந்த அம்மாள் காதல் பாட்டில் உருகிக்கொண்டு வரும்போதே கிதார் நின்றுவிடும். “இதை அன்னிக்கு எங்க அம்மா முன்னாடி சொல்ல வேண்டியதுதானே?” என்பார் அவர். “உங்கம்மா என்னைப் பேச விட்டாங்களா?” என்று மைக்கிலேயே பதில் வரும். டிரம்ஸ்காரர் என்னைத் தனியே அழைத்து, “தீர்ப்பு வந்துட்டா சரியாயிடும் சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணுக்கு எதிரே இவர்களை உட்கார வைத்தால், அவள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட மாட்டாளா?

உன் அக்கா, “போதும், அந்த ஸ்பீக்கரையே வெச்சுடலாம்” என்றாள். நான் அசையவில்லை. மூன்றாவதாக ஒரு ஓட்டலுக்குப் போனேன். அங்கே சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு ஹாலில் ஒரு குழு வாசிக்கிறது. கீபோர்டு வாசிக்கும் தலைவியை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். மச்சான், என்னத்தைச் சொல்வேன்! பாட்டும் காதில் விழுகிறது, அடுத்த மேசையில் உப்பு கேட்பதும் காதில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சாக்சபோன்காரர். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முழங்கால் மடிந்து மடிந்து நிமிர, வாசிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கும்போதுகூட ஒரு சிரிப்பு. கை குலுக்கப் பக்கத்தில் போனேன். கண்ணாடியின் இடது காம்பு காதோரம் லேசாக வளைந்திருந்தது. அது என் கையால் வளைத்த காம்பு. கார் ஓட்டும்போது வெயில் கூசுகிறது என்று என் கடையில் வாங்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமா?

“சம்பந்தி!” என்றேன். சாக்சபோன் மிதிபட்ட வாத்து மாதிரி ஒரு சத்தம் போட்டது.

ஆமாம், நம் புதுச் சம்பந்திதான். ஆடிட்டர். பெண் பார்க்க வந்தபோது “வணக்கம்”, “சரி”, “கிளம்பலாம்” தவிர வேறு பேசாதவர். சிரிப்பைக் கணக்கில் வராத வருமானம் போல மறைத்து வைத்திருப்பவர். என்னைச் சமையலறைக்குப் பின்னால், நாற்காலிகள் அடுக்கிய சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“நீங்க எதையும் பாக்கலை” என்றார்.

“கண்ணாடிக் கடைக்காரன் பாக்கலைன்னு சொன்னா யார் சம்பந்தி நம்புவாங்க?”

“வீட்ல ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு வரேன். கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை அவளுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ சிரிச்சுட்டா. அதோட பெட்டியை வீட்ல திறக்கறதில்லை. தயவு பண்ணி நீங்க வேற குழு பாருங்க.”

“அவர் இல்லாம நாங்க வர மாட்டோம்” என்றார் பின்னாலேயே வந்து நின்ற டீச்சர்.

“நான் மாப்பிள்ளையோட அப்பா டீச்சர்! வாசல்ல நின்னு வரவேற்கணும்!” என்றவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “என் பையன் கல்யாணத்துல ஒரே ஒரு பாட்டாவது வாசிக்கணும்னு ஆசை இருந்துது சம்பந்தி. யார் கிட்ட சொல்ல?” என்றார்.

இந்தக் குழுதான், நீங்கள்தான் வாசிக்கிறீர்கள், மற்றதை என்னிடம் விடுங்கள் என்று அந்தச் சந்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுத்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். உன் ஞாபகம் வந்தது.

உனக்கும் அவருக்கும் ஒரே உயரம், ஒரே தொப்பை. அவர் போடப்போகும் அதே கருநீலக் கோட்டு ஒன்று தைத்துக்கொள். பாட்டு ஆரம்பிக்கும் முன் அவர் நழுவித் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொள்வார். நீ ஹாலின் கடைசியில், வாசலைப் பார்த்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மேடையிலிருந்து சம்பந்தியம்மா பார்த்தால் கணவரின் முதுகாகத்தான் தெரிய வேண்டும். போனில் பேசும் ஆடிட்டர் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள். யார் கூப்பிட்டாலும் திரும்பாதே, உன் அக்கா கூப்பிட்டாலும் சரி. பின்னந்தலை முடியைக் கொஞ்சம் மழித்துக்கொள், அவருக்கு அங்கே இல்லை. முடியாது, கிடியாது என்று பதில் எழுதாதே. சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் குடியே முழுகிப் போகும். என் முடிவில் மாற்றமில்லை.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் வியாபாரம் பெருகட்டும், உன் முதுகு எங்கள் மானத்தைக் காக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சம்பந்தியம்மா கடைக்குள் நுழைந்தார். கண்ணாடி துடைக்கத் துணி வேண்டுமென்றார். கொடுத்தேன். போகவில்லை. “அண்ணா, போன சனிக்கிழமை உங்களை ஓட்டல்ல பாத்தேன். நான் எப்பவும் அந்தத் தூணுக்குப் பின்னாடி மேசைதான்” என்றார். என் கையிலிருந்த ஃப்ரேம் கீழே விழுந்தது. “வருஷக்கணக்கா அங்க உக்காந்து அவர் வாசிக்கறதைக் கேக்கறேன். கல்யாணம் ஆன புதுசுல அவர் வாசிச்சப்ப நான் சந்தோஷத்துல சிரிச்சேண்ணா. கேலின்னு நெனச்சுட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெட்டியைப் பூட்டிட்டார். இப்ப எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூச்சத்துல வாசிக்கறதையே விட்டுடுவார். சொல்லிடாதீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் கொடுத்த துணியால்.

ஆக, மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் மறைத்தாக வேண்டும். உன் கோட்டில் மாற்றமில்லை. கூடுதலாக ஒரு விஷயம்: சம்பந்தியம்மா அந்தப் பாட்டை மேடைக்குப் பக்கத்தில், பூ அலங்காரத்துக்குப் பின்னால் நின்று கேட்கப் போகிறார். வாசிக்கும் இடத்திலிருந்து சம்பந்தி பார்த்தால் மனைவி தூரத்தில் நிற்பதாகத் தெரிய வேண்டுமாம். சம்பந்தியம்மாவின் உயரத்துக்கு நம் குடும்பத்தில் உன் மனைவி ஒருத்திதான். புடவையின் நிறத்தைத் தனியே எழுதுகிறேன். பக்கத்தில் நின்றால் சம்பந்தி பதறிவிடுவார், ஆகவே இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில், வாசலைப் பார்த்தபடி நில்லுங்கள். பாட்டு முடியும்வரையாவது கிட்டே வந்து சண்டை போடாதீர்கள்.