பன்றி விஷயத்தில் பிரூயிட் வக்கீலின் கருத்து

'ஆமாம்' என்று சொல்லும் மனிதர்கள் உண்டு. 'இல்லை' என்று சொல்லும் மனிதர்களும் உண்டு. இரண்டையும் சொல்லாமலே இரு தரப்பையும் மகிழ்வித்து அனுப்பும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'எல்லாருக்கும் வேண்டியவர்'. மழை வருமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வானத்தைப் பார்க்க மாட்டார், உங்கள் கையைப் பார்ப்பார். குடை இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அவரோடு பேசிவிட்டு வருகிறவன், "என்ன மனுஷன்யா, அப்படியே என் கருத்து!" என்று பூரித்துப்போய் வருவான். அவனுக்கு அடுத்து உள்ளே போன அவனுடைய ஜென்ம விரோதியும் அதையே சொல்லிக்கொண்டு வருவான்.

எங்கும் இருக்கிற இனம்தான். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர வேண்டுமானால் புதிதாய்ப் பிறந்த ஒரு மாநிலமும், தீராத ஒரு சண்டையும், சட்டம் படித்த ஒரு நாக்கும் ஓரிடத்தில் சேர வேண்டும். அமெரிக்காவில் எங்கள் இல்லினாய் மாநிலத்தில் மூன்றும் சேர்ந்திருந்தன. ஆகவே எங்களுக்கு ஹைரம் பிரூயிட் கிடைத்தார்.

பிரூயிட்டிடம் இரண்டு கோட்டுகள் இருந்தன. நீதிமன்றத்துக்கு வால் தொங்கும் கறுப்புக் கோட்டு. தேர்தலுக்கு வீட்டில் நெய்த முரட்டுக் கோட்டு, முழங்கையில் ஒட்டுப்போட்டது. அந்தக் கோட்டு கிழியவே இல்லை என்பது அவருடைய மனைவி கெசாயாவுக்கு மட்டும்தான் தெரியும். நல்ல துணியின் மேல் ஒட்டுத் தைக்கச் சொல்லி அவர் கொண்டுவந்து நின்றபோது, "கிழிஞ்ச இடம் எங்கங்க?" என்று தேடிப் பார்த்து அலுத்துப்போனவள் அவள். ஊரில் எந்தப் பசு கன்று போட்டது, எந்தக் கிழவருக்கு எந்தக் கால் வலி, எந்தக் குழந்தைக்கு எத்தனையாவது பல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கைகுலுக்கினால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார், விட மாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் தலையாட்டத் தொடங்குவார். பேச ஆரம்பித்தால் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "ஒரு வகையில பாத்தா..."

இன்னொரு வகையையும் அவரே பார்ப்பார். அதுதான் தொழில்.

ஒரு தரம் காட்டோரத்துக்காரர் இருவருக்குள் ஒரு பெண் பன்றிக்காகத் தகராறு. எங்கள் பக்கம் பன்றிகள் காட்டில் தானாக மேயும். யாருடையது என்பதற்குக் காதில் வெட்டுக்குறி வைப்போம். இந்தப் பன்றியின் காதை நாய் கடித்துவிட்டது. குறி எது, கடி எது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இரண்டு பேரும் தனித்தனியே பிரூயிட்டைத் தேடிப் போனார்கள். "காது உங்க பக்கம்தான் பேசுதுங்க" என்று இரண்டு பேரிடமும் சொல்லி அனுப்பினார். வழக்கு நடந்த நாளெல்லாம் ஒருவனுக்காக வாதாடினார், இராத்தங்கல் விடுதியில் மற்றவனுக்கு விஸ்கி வாங்கிக் கொடுத்தார். தீர்ப்பு வருவதற்குள் பன்றி கிழண்டு செத்துப்போனது. இருவரும் கடைசிவரை அவருக்கு நண்பர்கள்! பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்கிறோமே, விலாங்கு கூட இவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்.

இப்படிப்பட்டவர் சட்டசபைக்குப் போகாமல் வேறு எங்கே போவார்? இரண்டு தரம் நின்றார். இரண்டு தரமும் தோற்றார். மூன்றாம் தரம் நிற்கப் போகிறேன் என்று சொன்ன அன்று கெசாயா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கையை எடுக்காமலே சொன்னாள்:

"நில்லுங்க, வேணாங்கல. ஆனா இந்தத் தடவையும் தோத்தா ஓஹையோவுக்குக் கிளம்பணும். எங்கப்பா தோல் பட்டறையில ஆள் வேணும்னு எத்தன நாளா கூப்பிடறாரு."

பிரூயிட்டுக்கு மாமனாரின் பட்டறை தெரியும். மரப்பட்டைத் தண்ணீரில் மாட்டுத்தோல் ஊறும் தொட்டிகள், அதைக் கோலால் கிளறும் வேலை, மூன்று மைல் தூரத்திலேயே மூக்கைப் பிடிக்க வைக்கும் அந்த வாடை. தலைநகர் வான்டேலியாவில் சபாநாயகர் பெயர் சொல்லி அழைக்க, கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பதைக் கனவில் கண்டுகொண்டிருந்த மனிதருக்கு இது கனவிலும் வரக்கூடாத விஷயம். பாவம், அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாட்டில்கூடத் தோல் வாடை அடித்தது.

அந்த வருஷத்துத் தேர்தலில் ஒரே ஒரு பிரச்சினை, பன்றி. காட்டோரத்துக்காரர்களுக்குப் பன்றி திரிய வேண்டும். புல்வெளியில் சோளம் போட்டவர்களுக்குப் பன்றி பட்டிக்குள் கிடக்க வேண்டும். எதிர்த்து நின்றவர் ஊர்ப் படைப்பிரிவின் மேஜர் டன்லவி. அவர் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "பன்னி திரியத்தான் செய்யும். சோளம் வேணும்னா வேலி போட்டுக்கடா!" என்று சோளக்காரன் வீட்டிலேயே போய், அவன் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுச் சொல்லி வந்தார்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றின் மேல் ஏறிப் பேசினார் பிரூயிட். ஓக் மரக் கட்டை, நல்ல உறுதி. அதன் மேல் நின்றவரைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. சுதந்திரப் போரில் ஆரம்பித்தார், ரத்தம் சிந்திய முன்னோர்களை எழுப்பினார், இல்லினாயின் மண்ணைப் புகழ்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெம்யுவல் ஸ்ப்ரோல் என்கிற சோளக்காரன் குறுக்கே புகுந்தான்.

"வக்கீலய்யா, அதெல்லாம் இருக்கட்டும். பன்னியக் கட்டணுமா, அவுத்து விடணுமா?"

"நல்லாக் கேட்ட லெம்! இந்தக் கேள்வியக் கேக்க ஒரு நெஞ்சுரம் வேணும். ஒரு வகையில பாத்தா, வேலிங்கறது என்ன? சுதந்திரத்தோட எல்லை. சுதந்திரம்ங்கறது என்ன? வேலி இல்லாத இடம். அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணைதான?"

"அதான் நானும் சொல்றேன்!" என்றான் லெம்யுவல்.

"நானும் அதத்தான் சொல்றேன்!" என்றான் பக்கத்தில் நின்ற பன்றிக்காரன். இருவரும் ஒரே பீப்பாயில் பிரூயிட்டின் விஸ்கியைப் பிடித்துக் குடித்தார்கள்.

எங்கள் தேர்தலில் ஒளிவுமறைவு கிடையாது. நீதிமன்ற வாசலில் மேஜை. நடுவில் ஷெரீப்பும் குமாஸ்தாவும், இரண்டு பக்கமும் இரண்டு வேட்பாளர்கள். வருகிறவன் ஊரறியத் தன் பெயரைச் சொல்லி, யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெற்றவர் எழுந்து நன்றி சொல்வார். பெறாதவர் அவனை நினைவில் வைத்துக்கொள்வார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு வேட்பாளர்கள் முறை. ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்வதுதான் பெரிய மனிதனுக்கு அழகு. தனக்குத்தானே போட்டுக்கொள்கிறவனை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள்.

"இந்த மரியாதையெல்லாம் இன்னிக்கு வேணாங்க. உங்களுக்கே போட்டுக்குங்க" என்று காலையில் கெசாயா சொன்னாள்.

"ஊரு என்ன பேசும் கெசாயா? நான் குனிஞ்சா மேஜரும் குனிவாரு. கணக்கு சரியாப் போயிடும்" என்றார் பிரூயிட்.

பொழுது சாயும் நேரம். ஓட்டுப் போட இனி ஒருவரும் இல்லை. குமாஸ்தா கூட்டிப் பார்த்தார். பிரூயிட் ஒரே ஒரு ஓட்டு முன்னால். கூட்டம் ஹோவென்று கத்தியது. ஷெரீப் கையமர்த்தினார்.

"வக்கீலய்யா, உங்க ஓட்டு?"

பிரூயிட் எழுந்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, மேஜர் பக்கம் திரும்பித் தாழ வணங்கி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி கணீரென்று சொன்னார்: "மேஜர் டன்லவி!"

தொப்பிகள் பறந்தன. கிழவர்கள் கண்கலங்கினார்கள். வண்டி மேல் உட்கார்ந்திருந்த கெசாயா மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேஜர், உங்க ஓட்டு?"

மேஜர் புகையிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். "மரியாதைக்கு மரியாதை செய்யத் தெரியாதவன் இல்ல நான். ஆனா யாருக்குப் போடறேன்னு எனக்குத் தெரியணுமில்ல? பிரூயிட், ஒரே ஒரு கேள்வி. பன்னியக் கட்டணுமா, அவுத்து விடணுமா? கட்டணும்னு சொல்லு, என் ஓட்டு உனக்கு. அவுக்கணும்னு சொல்லு, அப்பவும் உனக்குத்தான். ஒண்ணும் சொல்லலையா, என் ஓட்டு எனக்கே. ஊரு என்னத்த வேணும்னாலும் பேசிக்கட்டும்."

பார்த்தீர்களா? எதைச் சொன்னாலும் ஜெயம். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா? ஒரு குழந்தையை நிறுத்தியிருந்தால்கூட வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மிட்டாய் வாங்கப் போயிருக்கும்.

"மேஜர் கேட்டது ரொம்ப ஆழமான கேள்வி..." என்று ஆரம்பித்தார் பிரூயிட்.

"ஆழமெல்லாம் வேணாய்யா, ஒரு வார்த்த!" என்று கத்தினான் லெம்யுவல்.

பிரூயிட் இடது பக்கம் பார்த்தார், சோளக்காரர்கள். வலது பக்கம் பார்த்தார், பன்றிக்காரர்கள். எல்லாருடைய முகத்திலும் அதே நம்பிக்கை, நம்ம ஆள் நம்ம பக்கம்தான் சொல்வார் என்று. கெசாயா வண்டி மேல் எழுந்து நின்றே விட்டாள்.

"ஏங்க! ஓட்டெல்லாம் எழுதியாச்சு, எவனாலயும் திருப்பி வாங்க முடியாது. எதையாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்களேன்!"

அவள் சொன்னது அவருக்கும் புரிந்தது. சொல்லிவிடத்தான் நினைத்தார். தன் கருத்து என்னவென்று முதல் தடவையாக உள்ளே தேடிப் பார்த்தார். லெம்யுவலின் கருத்து இருந்தது, பன்றிக்காரனுடையது இருந்தது, நீதிபதியுடையது, சாராயக்கடைக்காரனுடையது, மாமனாருடையதுகூட ஒரு மூலையில் கிடந்தது. தன்னுடையதைக் காணோம். அந்தக் கணத்தில் அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

"பன்னிங்கறது..." என்றார். "ஒரு வகையில பாத்தா..."

மேஜர் ஷெரீப் பக்கம் திரும்பினார். "டன்லவி. எழுதிக்குங்க."

ஒரு ஓட்டில் தோற்றார் பிரூயிட். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். வாழ்நாளில் ஊரறிய, ஒளிவில்லாமல், ஒரே வார்த்தையில் அவர் பேசியது ஒரே ஒரு தடவை. அப்போதும் எதிராளியின் பெயரைத்தான் சொன்னார்.

ஓஹையோவில் அவர் தொட்டி கிளறுகிறார் என்று கேள்வி. "மாப்ள, தோல் ஊறிடுச்சா இல்லையா?" என்று மாமனார் கேட்டால், கோலை நிறுத்திவிட்டு, மாமனாரின் முகத்தை உற்றுப் பார்க்கிறாராம். கிழவர் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கிறார்.

நல்லவேளை, நீங்கள் அந்த ரகம் இல்லை. இவ்வளவு நேரம் படித்தபோது உங்களுக்கு ஒரு தீர்மானம் வந்திருக்குமே, பன்றியைக் கட்டலாமா, அவிழ்த்து விடலாமா? தயங்காமல் சொல்லுங்கள், நான் எந்தப் பக்கம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். என்ன, 'ஒரு வகையில்' என்று ஏதோ ஆரம்பித்தது போலக் காதில் விழுந்ததே? சரி, உங்கள் மாமனார் என்ன தொழில் செய்கிறார்?