சாலமனுக்கு நான் போட்ட மார்க்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் கொடுத்துவைத்தவன். நாலு திட்டு, இரண்டு நாள் அவமானம், அத்தோடு போச்சு. நான் மாட்டிக்கொள்ளவே இல்லை. அந்த வேதனையைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில், வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் கம்பெனி ஒன்றில் நான் விற்பனைப் பிரதிநிதி. கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சி.டி. உறையின் பின்பக்கம் அச்சிட்டிருந்ததுதான். மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தவன் சாலமன். அச்சரப்பாக்கத்துக்காரன், செங்கல்பட்டு கல்லூரியில் என் பெஞ்ச். அப்பாவும் அம்மாவும் கழனி வேலை செய்து படிக்கவைத்த பிள்ளை. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொற்பச் சம்பளத்துக்கு இருந்துகொண்டு, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூட கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தான்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். அரசு அலுவலகம் ஒன்றில் முதன்முதலாகக் கணினிப் பாதுகாப்பு அதிகாரி எடுக்கிறார்கள். நேர்காணலுக்கு அவர்களிடம் விஷயம் தெரிந்த ஆள் இல்லை. வல்லுநரை இலவசமாக அனுப்புவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. இடமும் கம்பெனி செலவில்தான், மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதி.

"வல்லுநர் யாரு சார்?"

"நீதான்."

"ஐயோ சார், எனக்கு ஒண்ணும் தெரியாதே!"

"கேள்விய நான் எழுதித் தர்றேன், நீ வாசி. மூணாவதா வர்றவர் நம்ம ஆளு. அவருக்கு அம்பதுக்கு நாப்பத்தஞ்சு. மத்த யாரும் பத்தைத் தாண்டக் கூடாது."

'நம்ம ஆளு' அதிகாரியானால் அந்த அலுவலகம் முழுக்க எங்கள் சி.டி.தான். இது எனக்கே புரிந்தது. தலையாட்டினேன்.

மேனேஜரின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனேன். (அவர் ஆறடி. நான் ஐந்தே கால்.) சித்திரை வெயில், விடுதி ஏ.சி. அன்றைக்குப் பார்த்து மக்கர். யாரோ 'டாக்டர்' என்று அச்சடித்துவிட்ட பெயர்ப்பலகைக்குப் பின்னால், இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவதாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தவன் சாலமன். விண்ணப்பித்ததை அவன் என்னிடம் சொல்லவே இல்லை, வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தானாம். பட்டியலில் பெயர் இருந்தது. (அதை நான் விசிறியாக வைத்திருந்தேன்.)

"மச்சான்! நீ இன்னாடா இங்க?"

அதிகாரிகள் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"யாரு நீங்க? உங்களை எனக்குத் தெரியாதே" என்றேன்.

ஒரு நொடி திகைத்தான். அடுத்த நொடி லேசாகக் கண்ணடித்தான். அவனுக்காகத்தான் நாடகமாடுகிறேன் என்று நினைத்துவிட்டான், பாவி!

"மன்னிச்சிக்கோங்க சார். வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

மேனேஜர் எழுதிக்கொடுத்த கேள்வியிலேயே தப்பு. அதையும் என் மனம் நோகாமல் திருத்திப் பதில் சொன்னான். "பையன் பரவாயில்லையே!" என்றார் ஓர் அதிகாரி. "ஏட்டுப் படிப்பு சார், அனுபவம் போதாது" என்றேன் நான். ஐம்பதுக்கு ஆறு போட்டேன்.

சாயங்காலம் விடுதி வாசலில் காத்திருந்தான்.

"இன்னா நடிப்புடா மச்சான், பின்னிட்ட! கவர்மெண்ட் வேலைக்கு எனக்கு இந்த வருசத்தோட வயசு முடியுது. நீ உள்ள குந்திகினு கீறத பாத்தப்பறம்தான் உசுரே வந்துச்சி. பக்கத்து வூட்டுக்குப் போன் போட்டு அம்மாகிட்ட சொல்லிட்டேன், இனிமே கழனிக்குப் போவாதன்னு."

கோட்டை மடித்துக்கொண்டே "பாக்கலாம்டா" என்றேன்.

மூன்றாவதாக வந்தவருக்கு வேலை கிடைத்தது. சாலமன் எனக்கே ஆறுதல் சொன்னான். "வுடு மச்சான், மேல கீறவனுங்க பண்ணது. நீ இன்னா பண்ணுவ?" அவன் அம்மா இன்னும் எட்டு வருடம் கழனிக்குப் போனார்.

அந்த நேர்காணல்தான் இன்றுவரை அவர்கள் வீட்டில் பெரிய தமாஷ். போன மாதம் படூரில் அவன் மகளின் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் எழுந்து நின்று நடித்தே காட்டினான்: கோட்டுக் கை தொங்கியது, நான் முழித்தது, "யாரு நீங்க?" என்றது. மண்டபமே வயிறு வலிக்கச் சிரித்தது. அவன் அம்மா என் கன்னத்தை வழித்துச் சொடுக்கு முறித்தார்.

"எம்புள்ளைக்கோசரம் அத்தினி பெரிய ஆபீசருங்க முன்னாடி பொய் சொல்லிச்சே, இந்தப் புள்ள!"

நானும் சிரித்தேன். பந்தியில் பக்கத்திலேயே உட்காரவைத்து, என் இலைக்கு இன்னொரு ஜாங்கிரி போடச் சொன்னார். சாப்பிட்டேன்.