மேல்மடையில் ஒரு கட்டைவிரல்

கோகெம்,
மே 19

பெருமதிப்புக்குரிய அக்கா ஹெட்விக்குக்கு, தம்பி ஏவால்ட் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி இர்ம்கார்டும் நன்றாக இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அங்கே நீயும் அத்தானும் காது கேட்காத உங்கள் பூனையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாக ஏன் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என்ன நடந்தது என்று எனக்கே புரியாமல் உனக்கு எப்படி எழுதுவது? இப்போதும் முழுவதும் புரிந்துவிடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நம் பையன் வோல்கருக்குப் பெண் குழந்தை பிறந்தது உனக்குத் தெரியும். பெயர் டில்டா. குழந்தையின் இடது கையில் இரண்டு கட்டைவிரல் இருப்பது உனக்குத் தெரியாது. ஒன்று வழக்கமான இடத்தில், இன்னொன்று அதை ஒட்டியபடி, கொஞ்சம் சின்னதாக. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வயதுக்குப் பிறகு சின்ன அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்றார்கள். ரத்தமும் எடுத்தார்கள். ஏப்ரலில் மரபணு மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வோல்கர் அதை மூன்று முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். விரலை உண்டாக்கும் மரபணுவில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அதற்கு மேல்மடையில், பத்து லட்சம் எழுத்துக்கு அப்பால், ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

அக்கா, நான் மோசல் ஆற்றில் நாற்பத்து மூன்று வருடம் சரக்குப் படகு ஓட்டியவன். தண்ணீர் வரும் மேல்மடை எது, போகும் கீழ்மடை எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் இருப்பது கோகெம். மருமகள் மரைக்கேயின் பிறந்த வீடு இருப்பது பெர்ன்காஸ்டலில். தண்ணீர் அங்கிருந்துதான் இங்கே வருகிறது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வீட்டார் காப்பிக்கு வந்து உட்கார்ந்து, பிளம்ஸ் கேக்கை வெட்டிக்கொண்டிருக்கும்போது, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்: "யாரும் மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. விரல் மேல்மடைலேருந்து வந்துருக்கு. டாக்டரே எழுதிட்டாங்க."

சம்பந்தி கிஸ்பர்ட் திராட்சைத் தோட்டக்காரர். சாதாரணமாகப் பேசினாலே மலையின் அந்தப் பக்கம் கேட்கும். "என்னது? எங்க பக்கத்துலேருந்தா? நானூறு வருஷமா எங்க குடும்பம் திராட்சை பறிக்குது சம்பந்தி. விரல எண்ணிப் பாக்காமலா பறிச்சோம்?" என்றார். அவர் மனைவி ரோஸ்வித்தா கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்குத் தாங்கள் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு இருவரும் எழுந்தார்கள். மரைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். "மாமா, நீங்க பேசறது என் பொண்ணோட கையப் பத்தி, படகப் பத்தி இல்ல" என்றாள். அவ்வளவுதான். அவளும் அவர்களோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

பதினோரு நாள் அக்கா. வோல்கர் என்னோடு பேசவில்லை. இர்ம்கார்டு பேசினாள், பேசாமல் இருந்திருக்கலாம். காலித் தொட்டிலைக் கடக்க முடியாமல் நான் பின்வாசல் வழியாகவே வெளியே போய் வந்தேன்.

அந்த மருத்துவரையே நேரில் கேட்டுவிடுவது என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு ட்ரியருக்குப் போனேன். டாக்டர் ஓஸ்தாவ் என்ற அம்மாள், பொறுமைசாலி. "உங்க மருமகளோட அனுமதி இல்லாம குழந்தையப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். வார்த்தைக்கு வேணா அர்த்தம் சொல்றேன்" என்று ஒரு படத்தை விரித்தார். ஒரு நீளக் கோடு. இடது பக்கம் மரபணுவாம். அது எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் சுவிட்ச் தூரத்தில் வலது பக்கமாம், இழை வளைந்து வந்து மரபணுவைத் தொடுமாம். அந்த வலது பக்கம்தான் மேல்மடையாம்!

"எழுத்த இடதுலேருந்துதானேம்மா படிப்பாங்க?"

"இந்த மரபணுவ எதிர் இழையில வலதுலேருந்து இடதுக்குப் படிக்கணும் ஐயா. படிக்கிற திசைய வெச்சுதான் மேல், கீழ். ஆறெல்லாம் கிடையாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். படம் மாறவில்லை. பிறகு திடீரென்று பிடிபட்டது. நான் ஆற்றை எதிர்த்து மேலே போகும்போது இடக்கரை என் வலப்பக்கம் இருக்கும். அதற்காக அது வலக்கரை ஆகிவிடுமா? கரைக்குப் பெயர் ஓடும் தண்ணீரை வைத்துத்தான். இதைச் சொன்னதும் அந்த அம்மாள் மேசையைத் தட்டி, "அதேதான்!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். அந்த சுவிட்ச் அண்டை மரபணுவின் உள்ளே குடியிருக்கிறது என்று அவர் சொல்ல, நான் குரலைத் தாழ்த்தி, "எந்த அண்டை வீட்டுக்காரர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் படத்தை மடித்து வைத்தார். கடைசியாக, பத்து லட்சம் எழுத்து எத்தனை கிலோமீட்டர் வரும் என்றேன்.

"நீட்டி வெச்சா ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு."

அந்த அளவுக்காகவா அக்கா என் பேத்தி பதினோரு நாள் வீட்டில் இல்லை!

மறுநாளே ரயிலும் பேருந்துமாக பெர்ன்காஸ்டல் போனேன். கிஸ்பர்ட் கதவைப் பாதிதான் திறந்தார். மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தாமல், விளக்கம் சொல்கிறேன் என்று ரோஸ்வித்தாவின் கம்பளி நூல் உருண்டையைக் கேட்டு வாங்கி, கூடம் முழுக்க இழுத்துக் கட்டினேன்.

"சம்பந்தி, நீங்க இந்த முனையப் பிடிங்க. நீங்கதான் மரபணு."

"இது மேல்மடையா, கீழ்மடையா?"

"அது... கீழ்மடை."

"அப்ப நா பிடிக்க மாட்டேன். அன்னிக்கு எங்கள மேல ஏத்துனீங்க, இப்ப கீழ தள்றீங்களா?"

"சரி, இடம் மாத்திக்கலாம். இல்ல, மாத்தக் கூடாது. நா சுவிட்ச், நா அந்த முனைல இருக்கணும். நூலு வளைஞ்சு வந்து உங்களத் தொடும்."

"நீங்க என்னை ஏன் தொடணும்?"

நூலை வளைத்துக்கொண்டு நடந்தேன். கால் சிக்கியது. கிஸ்பர்ட் தாங்கிப் பிடிக்க வந்தார். அவர் காலும் சிக்கியது. இரண்டு கிழவர்களும் நாற்காலியோடு விழுந்தோம். மாடியிலிருந்து மரைக்கே குழந்தையோடு இறங்கி வந்து எங்களைப் பார்த்தாள்.

"யாரு பக்கத்துலேருந்து வந்துதுன்னு தெரிஞ்சா என்ன மாமா பண்ணப் போறீங்க? திருப்பி அனுப்பப் போறீங்களா?"

அவள் குனிந்து டில்டாவை என் மடியில் வைத்தாள். குழந்தை என் சுட்டுவிரலை இரண்டு கட்டைவிரலாலும் சேர்த்துப் பிடித்தது. பலமான பிடி அக்கா. நங்கூரக் கயிற்றைக் கொடுக்கலாம். நான் மூக்கைச் சிந்துவதை கிஸ்பர்ட் பார்க்காத மாதிரி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆக, எல்லாம் சுமுகமாக முடிந்தது. மரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜூன் இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். நீயும் அத்தானும் அவசியம் வர வேண்டும். தாத்தா பாட்டிகள் நால்வரும் ரத்தம் கொடுத்திருக்கிறோம், வெறும் சம்பிரதாயத்துக்குத்தான். இந்த மாற்றம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியதாகவும் இருக்கலாம் என்று டாக்டர் அம்மாள் சொன்னாராம். அப்படித்தான் இருக்கும் என்று நான் எல்லாரிடமும் உறுதியாகச் சொல்லிவிட்டேன். இரு குடும்பத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

கடவுள் உங்கள் இருவரையும், பூனையையும், நீண்ட ஆயுளோடு வைத்திருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
ஏவால்ட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வோல்கர் ட்ரியரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என்னிடமிருந்துதானாம். வோல்கர் கையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவன் வழியாகப் போயிருக்கிறதாம். என் கட்டைவிரல் ஓரத்தில் தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் அம்மாள் கேட்கச் சொன்னாராம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மத்தி மீன் டப்பா கிழித்தது என்று அம்மா சொல்லுவாள். அப்போது உனக்கு ஒன்பது வயது, உனக்கு நினைவிருக்கும். உண்மையைச் சொல் அக்கா, அப்படி ஒரு டப்பா இருந்ததா, இல்லை ஒரு விரலா? பதிலைக் கடிதமாக எழுதாதே. கிஸ்பர்ட் இந்த வாரம் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். தபாலை அவர்தான் எடுத்து வந்து, உரக்கப் படிக்கிறார்.