கடலுக்கு முதுகு காட்டியவர்கள்

உரிமங்கள் வழங்கும் அலுவலகம் ஒன்றின் கண்காணிப்பாளர், தம் மனைவியைக் கப்பலில் உல்லாசப் பயணம் அழைத்துப் போவது என்று கொள்கை அளவில் முடிவெடுத்தார். கொள்கை அளவில் என்பது முக்கியம். அந்த அலுவலகத்தில் கொள்கை அளவில் முடிவான எத்தனையோ காரியங்கள் அந்த அளவிலேயே இருந்து, அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டன.

ஆனால் இந்த முடிவைத் தள்ளிப்போட வழியில்லை. மனைவி பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அந்த வார்டுக்கு ஜன்னல் கிடையாது. அவளுக்குப் பெரும்பாலும் இரவு வேலை, அவருக்குப் பகல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் வாசற்படியில் வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொண்டே குடும்பம் நடத்தியவர்கள். எதையும் கேட்டுப் பழகாதவள், வேலையை விட்ட அன்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பொழுது சாயற நேரத்துல கடலைப் பார்த்துக்கிட்டு நாம ரெண்டு பேரும் சும்மா உக்காரணும். பேசக்கூட வேண்டாம். அது போதும்.”

கடற்கரைக்குப் போனால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அந்த வருடம் அலுவலகத்தில் மேலதிகாரி முதல் ஓட்டுநர் வரை எல்லோரும் கப்பலில் போய்வந்து, கப்பலில் கொடுத்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கரையில் நின்று கடலைப் பார்ப்பது வசதியில்லாதவர்கள் செய்யும் காரியம் என்று ஆகிப்போயிருந்தது. எனவே கண்காணிப்பாளர் மனம் நெகிழ்ந்து, நெகிழ்ந்த கையோடு மூன்று கப்பல் நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டார்.

முதல் கப்பலில் எல்லாம் சேர்த்து ஒரே விலை, அறைக்கு வெளியே கடலைப் பார்த்த பால்கனி. இரண்டாவதில் ஜன்னல் மட்டும். மூன்றாவது கப்பலின் விலையைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அது பேருந்துக் கட்டணம் போல இருந்தது. அவர் ஒப்புநோக்கும் பட்டியல் தயாரித்து, குறிப்பு எழுதி, தமக்குத் தாமே சமர்ப்பித்து, தாமே ஒப்புதல் அளித்தார்.

மனைவி பால்கனிப் படத்தைக் காட்டி, இது நன்றாக இருக்கிறதே என்றாள்.

“குறைஞ்ச விலைப்புள்ளியை நிராகரிச்சா காரணம் எழுதணும். என்னன்னு எழுதுவேன்? ‘என் மனைவி கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாள்’னா? நாளைக்குத் தணிக்கையில கேட்டா யார் பதில் சொல்றது?”

“நம்ம வீட்டுல யாருங்க தணிக்கை?”

கண்காணிப்பாளருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளை அலுவலகத்தில் எப்படி முடித்து வைப்பாரோ அப்படியே இதையும் முடித்து வைத்தார். அதாவது, காது கேட்காதவர் போல எழுந்து போய்விட்டார்.

கப்பல் ஏறும் இடத்திலேயே முதல் வரவேற்பு கிடைத்தது. ‘ஏறுகை ஒருங்கிணைப்புக் கட்டணம்’ என்று ஒன்றைக் கேட்டார்கள். டிக்கெட்தான் வாங்கியாயிற்றே என்றார். கவுண்டரில் இருந்த பெண், தேன் சொட்டச் சொட்ட விளக்கினாள். டிக்கெட் கப்பலில் பயணம் செய்வதற்கு. ஏறுவது வேறு. ஏறாமல் பயணம் செய்ய விரும்புகிறவர்களிடம் நிறுவனம் ஒரு காசு கேட்பதில்லை.

வேறொருவராக இருந்தால் கத்தியிருப்பார். கண்காணிப்பாளருக்கு உடம்பு சிலிர்த்தது. அவரும் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம், விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளக் கட்டணம், வாங்கியதாகச் சொல்வதற்குக் கட்டணம் என்று மூன்றைப் பிரித்துக் காட்டியவரே அவர்தான். அந்தச் சாதனைக்காக அலுவலகம் அவருக்குச் சால்வை போர்த்தியது. சால்வையின் விலையை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தது. அப்படிப்பட்டவருக்கே ‘ஏறுவது வேறு’ என்று தோன்றவில்லை. கொஞ்சம் பொறாமையோடு பணத்தைக் கட்டினார்.

அவர்களுடைய அறை கப்பலின் வயிற்றில் இருந்தது. ஜன்னல் இல்லை; ஆனால் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அழகான திரைச்சீலை தொங்கியது. மனைவி ஆசையாக இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுவர். நீல வண்ணம் அடித்த நல்ல சுவர். மாலையில், செலவுக்குப் பணம் ஏற்றிக் கொடுத்திருந்த கப்பல் அட்டையின் கணக்கைப் பார்த்தபோது ‘திரை இயக்கம், ஒரு முறை’ என்று பணம் கழிந்திருந்தது.

“வார்டுலகூட சுவரைச் சும்மாதாங்க பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் மனைவி.

சாப்பாட்டு அறையில் உணவு இலவசம், தட்டு தனி. தண்ணீர் இலவசம், தம்ளர் தனி. முதல் நாள் சிலர் குழாயடியில் உள்ளங்கையைக் குவித்துக் குடித்தார்கள். மறுநாள் கைகழுவும் வசதிக் கட்டணம் வந்தது. ஊழியர்களுக்கான ‘கட்டாயத் தன்னார்வ அன்பளிப்பு’ தினமும் தானாகவே கழிந்தது. வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்ளலாம், விலக்கிக்கொள்ள ஒரு கட்டணம் உண்டு, அது அன்பளிப்பைவிடச் சற்றே அதிகம். கண்காணிப்பாளர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையை ஆட்டி, முறையாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கட்டினார். மனைவி மட்டும் எப்போது மேல்தளத்துக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் போனார்கள். போனவர்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

மேல்தளம் முழுக்க நாற்காலிகள். நாற்காலிகளில் ஜனங்கள். அத்தனை பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவில் நின்ற புகைபோக்கியைப் பார்த்தபடி வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ புகைபோக்கி சொற்பொழிவாற்றப்போகிறது என்பது போல அவ்வளவு அமைதி.

வெள்ளைக் கையுறை போட்ட அதிகாரி ஒருவர் அருகில் வந்தார். சட்டையில் ‘பார்வை ஆய்வாளர்’ என்று எழுதியிருந்தது. அவர் விதியை விளக்கினார். மேல்தளத்தில் உட்காருவது முற்றிலும் இலவசம். கடலைப் பார்ப்பதற்கு மட்டும் ‘காட்சிப் பயன்பாட்டுக் கட்டணம்’.

“போட்டோ எடுக்கிறாங்களே, அவங்களுக்கு?” என்று கண்காணிப்பாளர் விரலை நீட்டினார். கைப்பிடி ஓரத்தில் ஒரு கூட்டம் தன்னைத்தானே படமெடுத்துக்கொண்டிருந்தது.

“அவங்க கடலுக்கு முதுகைக் காட்டித்தானே சார் நிக்கிறாங்க. அது இலவசம். போட்டோவுல விழுற கடலுக்கு இன்னும் ரேட் போடல. பரிசீலனையில இருக்கு.”

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று கண்காணிப்பாளருக்குப் பட்டது. புகைபோக்கியைப் பார்த்த இரண்டு நாற்காலிகளைத் தேடிப்பிடித்து, ஒன்றில் மனைவியை உட்கார வைத்து, மற்றதில் தாமும் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு ஜவுளி வியாபாரி. அவர் மூன்றாவது தடவையாக இந்தக் கப்பலில் வருகிறாராம்; இதுவரை கடலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார். நமக்கெல்லாம் கடல் தேவையில்லை சார், காற்று வருகிறதே, அது போதாதா என்றார். காற்றுக்கு என்ன கணக்கு என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டால் போட்டுவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

பின்னால் எங்கோ தண்ணீர் பிளந்து போகும் சத்தம் கேட்டது. புகைபோக்கியின் மேல் மெல்ல ஒரு சிவப்பு வெளிச்சம் ஏறியது. மனைவி அந்த வெளிச்சத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

ஆய்வாளர் கையில் வைத்திருந்த கருவி ‘டிங்’ என்றது.

கண்காணிப்பாளர் துள்ளி எழுந்தார். மனைவிக்குக் கழுத்து வலி, வலியில் திரும்பியதைப் பார்வையாகக் கருத முடியாது, விலக்கு உண்டா இல்லையா என்று வாதாடினார். ஆய்வாளரும் நியாயஸ்தர்தான். கழுத்து வலிக்கு நிச்சயம் விலக்கு உண்டு, வலி என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். இருவரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

“எனக்குக் கழுத்து வலியெல்லாம் இல்ல. கடலைத்தான் பார்த்தேன்” என்றாள் மனைவி. பிறகு கணவரிடம், “நீங்களும் திரும்புங்க. ஒரே ஒரு தடவை. என் பென்ஷன்லேர்ந்து நான் கட்டறேன்” என்றாள்.

“காசு பெரிசில்ல. இது கொள்கை” என்றார் கண்காணிப்பாளர்.

அவள் முகத்தைத் திருப்பி மறுபடி புகைபோக்கியைப் பார்த்து உட்கார்ந்தாள். அது அவர் மனதில் தைத்தது. தைத்ததும், வருத்தப்படுவதற்குப் பதிலாக அவருக்குக் கோபம் வந்தது. அவரைப் போன்றவர்களுக்கு வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியாது. கோபத்தை வைக்க மட்டும் இடம் தெரியும். நேராக அதை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார்.

புகார் செய்யக் கட்டணம் இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், வரிசையும் இருந்தது. கப்பலில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு குறை. ஆனால் புகாரை எப்படி எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கப் பிறர் புகார்களைத் திருப்பி அனுப்பியவருக்கு, எப்படி எழுதினால் திருப்பி அனுப்ப முடியாது என்பது அத்துப்படி. அரைப் பக்கத்தில் அவர் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு, கப்பல் மேலாளரே நடுங்கி, மறுநாள் மாலை அரங்கில் பயணிகள் கூட்டம் என்று அறிவித்தார். ஒருவர் விடாமல் வாக்களிக்க வேண்டும், ஊழியர்கள் அனைவரும் கை எண்ண வர வேண்டும் என்று உத்தரவு.

மறுநாள் மாலை கிளம்பும்போது மனைவி செருப்பை மாட்டவே இல்லை.

“நீ வரலியா? உனக்காகத்தானே போராடறேன்.”

“தெரியும். நீங்க போய்ட்டு வாங்க” என்றாள்.

கூட்டத்தில் மேலாளர் கையைக் கூப்பிப் பேசினார். பயணிகளின் வேதனை தம்மை உலுக்கிவிட்டது என்றார். இந்த நிமிடத்திலிருந்து ஏறுகை, திரை, தட்டு, தம்ளர், காட்சி எல்லாக் கட்டணமும் ரத்து. பதிலுக்கு ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை ஒரே தடவை கட்டினால் போதும். தொகையைச் சொன்னார். அவர்கள் அதுவரை கட்டியதில் பாதிகூட வராது. இனி யாரும் எதையும் பார்க்கலாம், எதிலும் குடிக்கலாம்.

அரங்கம் கைதட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜவுளி வியாபாரி எழுந்தார்.

“ஒரு நிமிஷம். நான் கடலையே பார்க்கிறதில்ல. எவனோ பார்க்கிறதுக்கு நான் ஏன் குடுக்கணும்?”

கைதட்டல் நின்றது. அட, ஆமாம் என்று எல்லோருக்கும் உறைத்தது. பல் டாக்டர் ஒருவர், தாம் ஒரு நாளைக்கு ஒரு தம்ளர்தான் குடிப்பதாகவும், முன்வரிசையில் இருக்கும் குடும்பம் ஆளுக்கு ஐந்து குடிப்பதைத் தம் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்தக் குடும்பம், டாக்டர் லிஃப்டில் ஏறி இறங்குவதைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. உயரமானவர்களுக்குக் கடல் அதிகமாகத் தெரிகிறது என்று குள்ளமான ஒருவர் அழாத குறையாக முறையிட்டார். தாங்கள் இழப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள் போலிருந்தது, அடுத்தவன் இலவசமாக அனுபவிப்பதை மட்டும் ஒருவராலும் பொறுக்க முடியவில்லை.

கூட்டம் அடிதடியில் முடியும் போலிருந்த நேரத்தில் கண்காணிப்பாளர் மேடையேறினார். அவருக்குள்ளே இருந்த, கட்டணம் பிரிக்கும் கலைஞன் விழித்துக்கொண்டான். கட்டணங்கள் தவறில்லை என்றார். அவற்றைச் சரியாகப் பிரிக்காததுதான் தவறு. காலைக் கடல், நண்பகல் கடல், அஸ்தமனக் கடல், இருட்டுக் கடல் என்று நான்காக வகுக்க வேண்டும். அஸ்தமனத்துக்கு அதிகம், இருட்டுக்கு மிகக் குறைவு. பார்ப்பவர் பார்ப்பதற்கு மட்டும் கட்டட்டும். தம்பதிகள் ஏமாற்றாமலிருக்க, இருவருக்கும் சேர்த்து இணைக் கட்டணம்; ஒருவர் பார்த்தாலும் இருவர் கணக்கில் ஏறும். மேலாளர் எழுதிக்கொள்ளும் வேகத்தில் பேனா தாளைக் கிழித்துவிடும் போலிருந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவரைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியதற்குக்கூட யாரும் பணம் கேட்கவில்லை.

வெற்றியோடு அவர் மேல்தளத்துக்கு ஓடினார். ஊழியர்கள் அனைவரும் கீழே கை எண்ணிக்கொண்டிருந்ததால் அங்கே ஆய்வாளர் இல்லை, கருவி இல்லை, ஒருவருமே இல்லை. மனைவி மட்டும் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு, வெறுங்காலைக் கைப்பிடிக் கம்பியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்ததை அவர் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. வாசற்படியில் அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.

“ஜெயிச்சுட்டோம்” என்றார் மூச்சு வாங்கியபடி. “இனிமே பயப்படாம பார்க்கலாம். எல்லாம் முறைப்படி.”

“அப்படியா. சந்தோஷம்” என்றாள்.

“எப்படி இருந்துச்சு?”

அவள் கம்பியிலிருந்து காலை இறக்கினாள். “பக்கத்து நாற்காலியை ரொம்ப நேரம் உங்களுக்காகப் பிடிச்சு வெச்சிருந்தேன்” என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தூக்கம் வருகிறது என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடலை நேராகப் பார்த்தார். ஆனால் பொழுது எப்போதோ சாய்ந்திருந்தது. எதிரே தார் பூசியது போல ஒரே கறுப்பு.

அதற்குள் படிகளில் தடதடவென்று சத்தம். கூட்டம் முடிந்து பயணிகள் எல்லோரும் மேலே வந்தார்கள். இருட்டுக் கடலுக்குத்தான் மிகக் குறைந்த கட்டணம் என்பதால், இதுவரை திரும்பாதவர்கள்கூட நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். ஜவுளி வியாபாரி முதல் வரிசையில் இடம் பிடித்தார். ஒன்றுமே தெரியாத திசையைக் கண்கொட்டாமல் பார்த்து, ஆஹா, இந்த விலைக்கு இது கொள்ளை மலிவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆய்வாளர் புதிய விகிதப்படி கருவியை நீட்டிக்கொண்டு வரிசையாக வந்தார். கண்காணிப்பாளருக்கு முன்னால் நின்று ஒரு சல்யூட் வைத்தார். கருவி ‘டிங்’ என்றது. பிறகு பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, இணைக் கட்டணம் என்று பணிவாகச் சொல்லி, இன்னொரு தடவை அழுத்தினார்.