என் கைக்குத்தான் கேட்கும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் ஒரு கதவைத் திறக்கப் போவீர்கள். "இருங்க, இருங்க, உங்களுக்கு அது திறக்காது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் ஓடி வரும். குரலுக்குப் பின்னால் ஆளும் வருவார். சாவியை உள்ளே விட்டு, கால் சுற்றுச் சுற்றி, கதவை லேசாக மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது தோளால் ஒரு முட்டு முட்டித் திறந்துவிட்டு, உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் யார் கைக்கும் திறக்கும். விடுவாரா? விட்டுவிட்டால் அப்புறம் அவர் எதற்கு?

இவர்களுக்கு 'என் கைக்குத்தான்' இனம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று உண்டு, ஆபீசுக்கு இரண்டு உண்டு. ஆனால் கலப்படமில்லாத அசல் உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால் என்னோடு ஒரு ஷூ தொழிற்சாலைக்குள் வாருங்கள். தையல் பிரிவில், ஜன்னல் ஓரம், முக்காலியில் ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். அவரை எல்லோரும் 'கைராசி' என்பார்கள். பட்டம் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அவரேதான்.

அவர் முன்னால் இருப்பது லைனிங் நறுக்கும் மெஷின். உங்கள் ஷூவைக் கழற்றி உள்ளே பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் மெல்லிய துணி ஒன்று ஒட்டித் தைத்திருக்கும். அதுதான் லைனிங். தைக்கும்போது அது ஓரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டலைத் தையலை ஒட்டி நறுக்கித் தள்ளுவதுதான் இந்த மெஷினின் ஒரே வேலை. சின்னக் கத்தி ஒன்று படபடவென்று மேலும் கீழும் அடிக்கும். பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதை ஒட்டி ஷூவின் வாயைச் சுற்றி நகர்த்திக்கொண்டு வர வேண்டும். தள்ளி வெட்டினால் பிசிறு தெரியும். நெருங்கி வெட்டினால் தையல் அறுந்துபோகும். அவ்வளவுதான் வித்தை. நிதானமான கை இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தைக் கைராசி வந்த முதல் மாதமே தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

காலையில் அவர் வேலை தொடங்கும் அழகே அழகு. மெஷினின் வலது காலை ஷூ நுனியால் இரண்டு தட்டு. சுவிட்ச். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். "ம்ம்... இன்னைக்கு மூட் சரியில்ல" என்பார். அப்புறம் தகட்டைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, மூன்று வீணான லைனிங் துண்டுகளை அதற்குக் காட்டி, நாலாவதாகத்தான் நிஜ ஷூவைக் கொடுப்பார். இத்தனையும் எதற்கு என்று யாராவது கேட்டால், "உனக்குச் சொன்னாப் புரியாதுப்பா" என்று ஒரே போடு.

ரகசியம் என்ன தெரியுமா? ஒரு துண்டு அட்டை!

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணி தேய்ந்துபோய் தகடு ஆட ஆரம்பித்தது. அவசரத்துக்குக் கைராசி ஒரு ஷூப் பெட்டி மூடியைக் கிழித்து நாலாக மடித்து அடியில் செருகினார். ஆட்டம் நின்றது. நாள் முழுக்க ஓட ஓட அட்டை மெல்ல நழுவும், அவர் கட்டைவிரலால் ஓர் அழுத்துக் கொடுப்பார், சரியாகிவிடும். பழுது பார்க்கும் மெக்கானிக் அன்றைக்கே வந்தார். "அண்ணே, திருகாணிதானே? அஞ்சே நிமிஷம், மாத்திட்டுப் போயிடறேன்."

"கை வைக்காதப்பா! இது மத்த மெஷின் மாதிரி இல்ல. இதோட குணமே வேற."

மெக்கானிக் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கைராசி ஒன்பது வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒருநாள், இவர் சாப்பிடப் போன நேரத்தில், புது ஆள் ஒருவன் ஆசைப்பட்டு உட்கார்ந்தான். அட்டை நழுவியது அவனுக்கு எப்படித் தெரியும்? நாலு ஷூவில் தையல் போயிற்று. அதை வைத்தே கைராசி காலத்தை ஓட்டினார். நாலு என்பது அடுத்த வருஷம் பன்னிரண்டாயிற்று. இப்போது அவர் சொல்லும்போது நாற்பதாகிவிட்டது. சூப்பர்வைசர் அப்போது வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை. பாவம், அவரும் நாற்பது என்றுதான் நம்பினார்.

சரி, சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கைராசிக்கு வீட்டில் ஒரே பெண் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின அன்று அவர் போகவில்லை. மெஷின். நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாக வந்து, சாப்பிடாமல் கிளம்பினார். மெஷின். கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "நான் இல்லாம அங்க இப்போ என்ன கூத்து நடக்குதோ" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். அவள் இருக்கும் ஊர், பஸ்ஸில் மூன்று மணி நேரம். போனில் அவள் அழவில்லை, கோபிக்கவில்லை.

"வர முடிஞ்சா வாங்கப்பா. இல்லன்னாலும் பரவால்ல. எனக்குப் பழகிடுச்சு."

அந்தப் 'பரவால்ல' அவரைத் தைத்துவிட்டது. அவர் மனைவி சும்மா இருப்பாரா?

"இந்தத் தடவையும் போகலன்னு வைங்க, அந்த மெஷினையே கூட்டிட்டு வந்து வீட்டுல வச்சுக்கங்க. நான் பொண்ணு வீட்டோட போய் இருந்துக்கறேன். அதுவே உங்களுக்குச் சோறும் போடட்டும்."

ஆறு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும் முதல் லீவு! சூப்பர்வைசர் பேனாவைத் தேடிப்பிடித்துக் கையெழுத்துப் போட்டார். மாற்று ஆளாக, தைத்து முடித்த ஷூக்களில் நூல் நுனி கத்தரிக்கும் அக்காவை உட்கார வைப்பதாக ஏற்பாடு. கைராசி அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பாடத்தில் ஷூ முனையால் தட்டுவது வந்தது, சத்தம் கேட்பது வந்தது, மூட் வந்தது. அட்டை மட்டும் வரவில்லை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். அன்று சாயந்திரம் எல்லோரும் கை கழுவப் போனதும் கைராசி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தகட்டின் அடியிலிருந்து அட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாசவேலை என்று சொல்லிவிடாதீர்கள். அவர் அட்டை, அவர் பை. மத்தியானத்துக்குள் போன் வரும், 'அண்ணே, நீங்க இல்லாம ஒண்ணும் நடக்கலண்ணே' என்று கதறுவார்கள், நாமும் அலுத்துக்கொண்டே வழி சொல்லலாம் என்று ஒரு சின்ன ஆசை. அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் போன் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று மாடிக்குப் போனார். மாடியில் சிக்னல் கொழித்தது. சாயந்திரம் அவரே கூப்பிட்டார்.

"என்னப்பா, மெஷின் எப்படி?"

"ஓடுதுண்ணே" என்றார் சூப்பர்வைசர்.

"ஓடுதா? எப்படி ஓடுது?"

"எப்படின்னா... நல்லாத்தாண்ணே ஓடுது. நீங்க பொண்ணைப் பாருங்க."

மறைக்கிறார்கள் என்று கைராசிக்குத் தோன்றியது. நல்ல பிள்ளைகள், நாம் மனக்கஷ்டப்படக் கூடாதென்று பொய் சொல்கிறார்கள். மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "தையல் எத்தனை அறுந்துச்சு, உண்மையைச் சொல்லு" என்று அவர் போனில் மிரட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வெளியே வந்தார்.

"தாத்தா யாரு? போனை வைங்க முதல்ல. பேத்தியைப் பிடிங்க."

பிடித்தார். முகமெல்லாம் சிவந்துபோய், உலகத்தின் மேல் ஏதோ வழக்கு இருப்பதுபோல் கத்திக்கொண்டிருந்த குழந்தை, அவர் கைக்கு வந்ததும் டக்கென்று நிறுத்தியது. கைராசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முழுசாக ஐந்து நிமிஷம் மெஷின் ஞாபகமே இல்லை! குழந்தை அழுகையை நிறுத்தியதை மட்டும் அவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

நாலாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. போன் மட்டும் வரவில்லை. கைராசிக்குச் சோறு இறங்கவில்லை. ஓடாத மெஷினைக்கூட அவர் தாங்கிக்கொள்வார்; ஓடுகிற மெஷினை எப்படித் தாங்குவது? ஐந்தாம் நாள் விடிந்தும் விடியாமலும் சட்டையை மாட்டினார்.

"லீவு நாளைக்கும் இருக்கேப்பா?" என்றாள் பெண்.

"இல்லம்மா, அங்க நிலைமை சரியில்ல."

"போன் வந்துச்சா?"

"வரல. அதான் சொல்றேன், சரியில்ல."

அவள் குழந்தையின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் பஸ் ஏறினார்.

தொழிற்சாலை வாசலில் நுழையும்போதே காதைத் தீட்டிக்கொண்டார். வழக்கமாகத் தையல் பிரிவுக் கதவருகிலேயே கேட்கும் அந்தக் கடகட சத்தத்தைக் காணோம். நின்றுபோயிற்று! கைராசியின் முகத்தில் ஐந்து நாளில் வராத களை வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார். மெஷின் நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் கடகடப்புதான் இல்லை. கத்தரி அக்கா பக்கத்து மேஜைக்காரியோடு பேசிச் சிரித்தபடியே ஷூவின் வாயைச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தார். லைனிங் நீட்டல் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் தற்செயலாக அங்கே நின்றாரோ, இவர் வருவதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாரோ, தெரியாது.

"தகடு ஆடுதுன்னு அக்கா கூப்பிட்டாங்கண்ணே. ஒரு திருகாணி. அஞ்சு நிமிஷம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததைச் சொல்ல அவருக்கு அந்த மூன்று வாக்கியம் போதுமாக இருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். நல்ல மனுஷர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். "என்னண்ணே, அதுக்குள்ள வந்துட்டீங்க? பேத்தியோட இருக்க வேணாமா? இங்க ஒரு கவலையும் இல்லண்ணே. வேணும்னா ஒரு வாரம் கூட இருந்துட்டு வாங்க. ரெண்டு வாரம்னாலும் சரி."

கைராசிக்குக் காது அடைத்துப்போயிற்று. கத்தியால் குத்தியிருந்தால்கூடக் கத்தியைப் பற்றி ஏதாவது குறை சொல்லியிருப்பார். ஒரு வாரம் கூட! இரண்டு வாரம்னாலும் சரி! அவர் மெல்ல மெஷினிடம் போய், பழக்க தோஷத்தில், கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைக்கக் கையை நீட்டினார்.

"அண்ணே, அண்ணே! பாத்து!" கத்தரி அக்கா பதறி எழுந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க. இப்போ அது என் கைக்குப் பழகியிருக்கு. காலையில சுவிட்ச் போட்டதும் பத்து எண்ணணும், இல்லன்னா கோவிச்சுக்கும். நேத்துக்கூட இவ உக்காந்தா, சரியாவே வரல."

"எனக்கு நல்லாத்தாங்க வந்துச்சு" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

"வரல. உனக்குச் சொன்னாப் புரியாது."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஐந்தே நாள்! இந்த இனம் அழிந்துவிடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கைராசி வந்த வழியே திரும்பினார். பஸ்ஸில் மூன்று மணி நேரமும் சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். தான் இல்லாமல் உலகம் ஓடுகிறது என்பதை ஐம்பத்து நாலு வயதில் தெரிந்துகொள்வது லேசா? உள்ளுக்குள் எல்லாம் உதிர்ந்துபோய், பிழியப்பட்ட துணி மாதிரிதான் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

உள்ளே குழந்தை அலறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். மரத் தொட்டில், ஒரு கால் குட்டை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டக், டக் என்று தரையில் முட்டியது. கைராசியின் தலை தானாகச் சாய்ந்தது. சத்தத்தைக் கேட்டார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்துத் தொட்டில் காலின் அடியில் செருகி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். டக் நின்றது. குழந்தையும் நிறுத்தியது.

"எத்தனை நாள் இருப்பீங்கப்பா?" பெண் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அவள் குரலில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"எத்தனை நாளா? நான் இல்லாம இவளை யாரு பாக்கறது?"

பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையுமாக அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் காத்திருந்தவள், சாய்ந்துகொள்ளட்டும். மாப்பிள்ளை சந்தோஷமாகத் தன் குழந்தையைத் தூக்கக் குனிந்தார்.

"மாப்ள, இருங்க, இருங்க! அப்படித் தூக்காதீங்க. இவ குணமே வேற. என் கைக்குத்தான் கேப்பா."

மாமியார், அதான் கைராசியின் மனைவி, மாப்பிள்ளையைப் பார்த்தார், பரிதாபமாகத்தான் பார்த்தார்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் ஒயரை எந்தக் கோணத்தில் பிடித்தால் சூடேறும் என்று உங்கள் ஒருவருக்கு மட்டும்தானே தெரியும்? அதை ஏன் இன்னும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை? போகட்டும், விடுங்கள். இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகம் வந்திருக்கும். அவருக்கும் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அவர் இரண்டு வரி படிப்பதற்குள், "இங்க குடு, நீ படிச்சா நல்லா இருக்காது, நானே படிச்சுக் காட்டறேன்" என்று உங்கள் கை நீண்டால், அந்தக் கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.