டொக் டொக் அண்ணனின் கிட்டார்

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பெயின்ட் கடையில் உட்கார்ந்தவன் நான். பில்லைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததற்கு மன்னிக்க வேண்டும். நேரில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான்.

மரக்காணத்தில் டொக் டொக் அண்ணன் தட்டிப் பார்க்காத மரமே கிடையாது. கதவு, கட்டில், படகு, எதுவானாலும் விரலை மடக்கி இரண்டு தட்டு, பிறகு காதை வைத்து ஒரு கேட்பு. பெண் பார்க்கப் போன வீட்டில், பெண் காபியோடு வந்து நின்றபோது அவர் தலை அலமாரிக்குள் இருந்ததாம். ஒரு சாவு வீட்டில் சவப்பெட்டியைத் தட்டிக் காதை வைத்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் பதிலுக்காக அமைதியானார்கள்.

அவருக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார். உப்புக் காற்றிலும் உப்புக் கையிலும் அந்தக் கிட்டாரின் வார்னிஷ் மீன் செதிலாக உரிந்துவிட்டது. "திருவிழாவுக்குள்ள சரிபண்ணுங்க. இல்லன்னா இனிமே கீபோர்டு மட்டும் போதும்" என்று ஃபாதர் சொல்லிவிட்டார். இருபது வருஷமாக அண்ணன் கிட்டாரோடு உட்கார்ந்த இடம் அது.

மீதி வார்னிஷையும் சுரண்டி, கிட்டாரை வெறும் மரமாக்கி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"புது வார்னிஷ் தரட்டுமாண்ணே?"

"வேணாம் பாய். ரெயின்கோட்டு மாட்டிவிட்டுப் பாடுன்னா மரம் எப்படிப் பாடும்? எண்ணெயா, மெழுகா? அதைச் சொல்லுங்க."

நான் முழித்ததைப் பார்த்து அவரே சோதனையில் இறங்கினார். ஒரு பலகைக்குக் கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கிப் பூசினார். இன்னொன்றுக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெய். இரண்டையும் உப்பளத்து வரப்பில் ஒரு மாதம் நட்டு வைத்தார். மெழுகு வெயிலில் இளகி, அதில் இரண்டு தும்பிகள் ஒட்டிக்கொண்டன. உப்பளத்தில் எறும்பையே பார்த்திராதவர்கள், எண்ணெய்ப் பலகையில் ஊர்வலமே பார்த்தார்கள்.

"ரெண்டும் அவுட்டு பாய். வேற ஒரு எண்ணெய் சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. ஆனால் கடையில் நாலு பேர் நிற்கும்போது 'தெரியாது' என்று சொல்ல எனக்குக் கூச்சம். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"படகுக்குப் பூசுற மீன் எண்ணெய் போடுங்கண்ணே. கடல் தண்ணியையே தாங்குது, உப்புக் காத்து என்ன பண்ணும்?"

அவர் என் கவுண்டரை இரண்டு தட்டு தட்டினார். "மூளை பாய் உங்களுக்கு!"

அவர் தெருமுனை திரும்புவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். கடைசியில் நின்றேன். மூன்று பூச்சு, நாலு நாள் வெயில். கிட்டார் பளபளத்தது. முதல் பாட்டில் சத்தம் நிஜமாகவே நன்றாக இருந்தது. பிறகு கூட்டத்தின் புழுக்கத்திலும் மெழுகுவர்த்திச் சூட்டிலும் உள்ளே போன மீன் மெல்ல வெளியே வந்தது. பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு பூனை வந்தது. இரண்டாம் பாட்டில் மூன்று. மூன்றாம் பாட்டை அவர் ஒரு காலால் பூனைகளைத் தள்ளிக்கொண்டே வாசித்தார். ஒன்று மடியில் ஏறிக் கிட்டாரை நக்கத் தொடங்கியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மீதியைக் கீபோர்டு வாசித்து முடித்தது.

பூசை முடிந்ததும் ஃபாதர் கேட்டார்: "என்னத்தைங்க பூசினீங்க? யாரு சொன்னது?"

அண்ணன் ஒரே ஒரு தடவை கடைசி வரிசையைப் பார்த்தார். நான் குனிந்து கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல ஃபாதர். என் புத்திதான்."

"டேய், அடுத்த வாரம் நண்டு வரும்டா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். உப்பளத் திருப்பம் வரை பூனைகள் பின்னால் போயின.

அன்று மதியம் அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார். வெட்கத்தில் போகவில்லை. மூன்று மணிக்கு என் கடைக்குக் கேரியர் வந்தது. கறித்துண்டுகள் மேல் அடுக்கில் தனியாக இருந்தன.

மறுநாள் பத்து மணிக்கு அவர் கடைக்கு வந்தார். கவுண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க பாய். எண்ணெயா, மெழுகா?"

கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

"தெரியலண்ணே" என்றேன்.

கிட்டாரை மறுபடி சுரண்ட, சேண்ட்பேப்பர் இரண்டு ஷீட் வாங்கிக்கொண்டு போனார்.