வண்டித் தலையில் ஒரு மஞ்சள் விளக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வீர சபதம் எடுத்தேன். என் பிக்கப் வண்டியின் தலையில் மஞ்சள் சுழல் விளக்கை நானே மாட்டுவேன். ஏன் மாட்டினேன் என்பது என் மனைவிக்கு இந்த ஜென்மத்தில் தெரியக் கூடாது.

வீரத்துக்குக் காரணம் பயம்தான். ரோட்டில் குழி அடைப்பது என் தொழில். வண்டியின் பின்னால் ஜல்லியும் தாரும் ஏற்றிக்கொண்டு போய், ஓரமாக நிறுத்தி, குனிந்து குழியை அடைக்க வேண்டும். போன வாரம் அப்படிக் குனிந்திருந்தபோது ஒரு லாரி என் முதுகை உரசாத குறையாகப் போய், வண்டியின் பக்கக் கண்ணாடியை ஒடித்துத் தொங்கவிட்டது. தலைக்கு வந்தது கண்ணாடியோடு போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட நான் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன்.

மனைவியிடம், "வாசல் கேட்டுல உரசிட்டேன்" என்று சொல்லிவைத்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "போதும் உங்க ரோட்டு வேலை, அண்ணன் கடையில போய் உக்காருங்க" என்பாள். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், ஆணியும் பெயின்டும் ஒயரும் விற்கிறார். அங்கே நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆணி நிறுக்க வேண்டும். நிறுப்பதை மச்சான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலம் அவளும் வந்து சேர்ந்துகொள்வாள். ரோட்டிலாவது என்னை ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. லாரியும் வேண்டாம், மச்சானும் வேண்டாம் என்றால் விளக்கு ஒன்றுதான் வழி.

அவள் அண்ணனைப் பார்க்கக் கிளம்பியதும் வண்டியை வாசலில் நிறுத்தி ஏணியைச் சாய்த்தேன். பக்கத்து வீட்டு டெய்லர், கூப்பிடாமலேயே, கழுத்தில் டேப்போடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, வண்டிக்குக் கிரீடமா?"

"விளக்குண்ணே. தூரத்துல வர்றவனுக்குத் தெரியணும்."

"ஓட்டை போடப் போறியா? தகரம்ப்பா. துணின்னா தப்பா வெட்டினாலும் ஒட்டுப் போட்டுக்கலாம்."

"பயமுறுத்தாதீங்கண்ணே."

"நான் எங்க பயமுறுத்துறேன்? நடுவுல போடுங்கிறேன். கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா வண்டி பூரா கோணலாத் தெரியும்."

அவரே கூரையை அளந்து சாக்பீஸால் குறி போட்டார். விட்டால் வண்டிக்குக் காலரும் வைத்திருப்பார். டிரில்லிங் மெஷினைத் தூக்கினேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டு அழுத்தினேன். தகரம் அலறிய அலறலில் டெய்லர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேண்டியது மூன்று ஓட்டை. நான்கு விழுந்திருந்தது.

விளக்கை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையில் அகப்பட்ட ஏதோ ஒரு ஒயரோடு விளக்கு ஒயரைச் சேர்த்து முறுக்கினேன்.

"என்னங்க, காலு மட்டும் வெளியில தெரியுது?"

மனைவியின் குரல். எழுந்த வேகத்தில் ஸ்டியரிங் மண்டையைப் பதம் பார்த்தது.

"சீக்கிரம் வந்துட்ட?"

"அண்ணன் ஊர்ல இல்ல. இது என்ன?"

"விளக்கு. எல்லா வண்டிக்கும் மாட்டணுமாம். மேஸ்திரி ஆர்டர்."

"நல்ல மனுஷன். போன் போட்டு ஒரு வார்த்தை நன்றி சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். அவருக்குத் தொண்டை சரியில்ல."

"பேசப் போறது நான்தானே. அவரு கேட்டாப் போதும்."

ஆனால் போன் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வண்டியைச் சுற்றி மெதுவாக ஒரு நடை வந்தாள். தொங்கிய கண்ணாடியருகே நின்றாள்.

"இது கேட்டுல உரசினதா?"

"ஆமா."

"முன்னால போறப்போவா?"

"ஆமா. உள்ள வர்றப்போ."

"முன்னால போய் இடிச்சா கண்ணாடி பின்பக்கம்தானே மடங்கும்? இது முன்பக்கமா மடங்கி ஒடிஞ்சிருக்கு."

"ரிவர்ஸ்ல..."

"இப்பத்தான் முன்னாலன்னீங்க."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இனி வாயைத் திறந்தால் இன்னொரு பொய்தான் வரும், அதையும் அவள் பிடித்துவிடுவாள்.

"லாரி" என்றேன்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"குழிகிட்ட. குனிஞ்சிருந்தேன்."

அவள் கத்தவில்லை. ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வெளுத்துப் போயிருந்தது.

"செத்துப் பொழைச்சு வந்துட்டு, கேட்டுன்னு சொல்லியிருக்கீங்க."

"நீ பயந்துருவியேன்னு..."

"இப்ப மட்டும் பயமில்லையா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. லாரியை நினைத்துப் பாதி, அடுத்து அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பாதி. ஆணித் தராசு கண்முன் ஆடியது.

"ஏறுங்க" என்றாள்.

"எங்க, கடைக்கா?"

"வண்டியில. விளக்கு எரியுதான்னு காட்டுங்க."

எரியவில்லை. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். இடது இண்டிகேட்டரைப் போட்டபோது விளக்கு ஜோராகச் சுழன்றது.

"அப்போ நீங்க இடது பக்கம் திரும்பினாத்தான் லாரிக்காரன் ஒதுங்கணுமா?"

அண்ணன் கடையிலேயே வளர்ந்தவள். முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே குனிந்தாள். நான் முறுக்கியதைப் பிரித்தாள், தனி ஒயர் இழுத்தாள், ஃபியூஸ் வைத்தாள், ஸ்விட்ச் மாட்டினாள். அனாவசியமான ஓட்டைக்கு ரப்பர் அடைப்பும் வைத்தாள். ரோட்டில் ஓட்டை அடைப்பவன் நான், டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"தெரியுது. நாளைக்கு வேலைக்குப் போங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "கடை?"

"குழி அடைக்கிறது உங்களுக்குப் பிடிச்ச வேலை. விடச் சொல்ல மாட்டேன். ஆனா பட்டப் பகல் வெயில்ல எவன் விளக்கைப் பாப்பான்?"

"பாப்பாங்க."

"தூங்கிக்கிட்டே ஓட்டுறவன்?"

நான் ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

"சரி, அத நான் பாத்துக்கிறேன்" என்றாள். சாயங்காலம் அவள் வெளியே கிளம்பியபோது, சாமியிடம் வேண்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் எனக்கு முன்பே எங்கேயோ கிளம்பிவிட்டாள். நான் விளக்கைச் சுழலவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். அங்கே ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு ஆள் நடு ரோட்டில் நின்று சிவப்புக் கொடியைத் தூக்கியது. பிரேக் போட்டேன். தொப்பிக்குக் கீழே முகத்தைப் பார்த்ததும் இன்னொரு தடவை போட்டேன்.

மேஸ்திரி ஜன்னல் பக்கம் வந்து சிரித்தார். "கொடி பிடிக்க ஆளே கிடைக்கலப்பா. உன் வீட்டுக்காரம்மா நேத்து சாயங்காலம் தானா வந்து கேட்டாங்க. உன்னை மாதிரி இல்ல, தைரியசாலி. இனிமே அவங்க பச்சை காட்டினாத்தான் எந்த வண்டியும் நகரணும்."

லாரியெல்லாம் போய்விட்டது, எனக்கு மட்டும் இன்னும் சிவப்புதான்.